1991 மே 21-க்குப் பிறகான சென்னை: அழுகையா, அச்சமா?

மேற்கு மாம்பலத்தான்:

மே மாதம் பிறந்தால் ராஜீவ் காந்தி கொலையைப் பற்றி இங்கே ஓர் இழை தொடங்குவது வழக்கமாகிவிட்டது. கொலையை நடத்திய சிவராசன், குண்டுக்கு வாங்கிய பாட்டரி, ஆளுநர், உச்ச நீதிமன்றம் என்று ஒரே தடத்தில் சுற்றிவிட்டு, இரண்டு பேர் திட்டிக்கொண்டதும் இழையைப் பூட்டிவிடுகிறார்கள். கொன்றவர்களைப் பற்றி வேண்டிய மட்டும் பேசியாகிவிட்டது. செய்தி கேட்ட நாம் எப்படி நடந்துகொண்டோம் என்று யாராவது பேசியிருக்கிறோமா?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த வாரம் சென்னையில் கண்ட துக்கத்தில் பெரும்பகுதி அச்சம். துக்கமே இல்லை என்று சொல்லவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்தது செவ்வாய் இரவு பத்தேகால் மணிக்கு மேல். மறுநாள் பஸ் இல்லை, கடை இல்லை. மதியத்துக்குள் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு கறுப்புக்கொடி ஏறிவிட்டது. பழி விடுதலைப் புலிகள்மேலும், அவர்களுக்கு இடம் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட திமுகமேலும் விழுந்தது. ஊரறிந்த திமுக குடும்பம் ஒன்று எங்கள் தெருவில் இருந்தது. தெருவிலேயே பெரிய ராஜீவ் படம் அவர்கள் வாசலில்தான் இருந்தது. வாரப் பத்திரிகை அட்டையைக் கத்தரித்து, காலண்டர் அட்டையில் ஒட்டி, மல்லிகைச் சரம் சாத்தியிருந்தார்கள். அந்த வீட்டுப் பெரியவர் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். போகிறவர் வருகிறவர் எல்லாரிடமும் "என்ன அநியாயம் பாருங்கள்" என்று தானாகவே பேச்சுக் கொடுத்தார். அவர் அதுவரை யாரிடமும் வலியப் பேசியவர் அல்லர்.

அந்தக் கொடிகளில் பாதி "எங்கள் வீட்டின்மேல் கல் எறியாதீர்கள்" என்ற விண்ணப்பம். மறுப்பவர்கள் மறுக்கலாம்.

பரங்கிமலை:

மறுக்கிறேன். நான் காங்கிரஸ் குடும்பத்தவன் என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும், மறைக்கவில்லை. உங்கள் தெருவை வைத்து ஊரை எடை போடாதீர்கள். என் அம்மாவுக்கு அரசியல் தெரியாது, வாக்குச்சாவடிக்குப் போனதுகூடக் குறைவு. அன்று காலை வானொலியில் கேட்டதும் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தவர் மாலை வரை எழுந்திருக்கவில்லை. நாற்பத்தாறு வயது. ஏழு ஆண்டுகளுக்கு முன்பு தாயைக் குண்டுக்குப் பலி கொடுத்தவர். ஓட்டுக் கேட்க நம் ஊருக்கு வந்த விருந்தாளி, நம் மண்ணில் செத்தார். "நம்ம ஊரிலா இப்படி" என்று என் அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். அதில் அச்சம் எங்கே? வெட்கம் இருந்தது என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொன்றையும் யாரும் கவனிப்பதில்லை. அண்ணா இறந்தபோது ராஜாஜி மண்டபம் இருந்தது. எம்ஜிஆர் இறந்தபோதும் அதே மண்டபம். கூட்டம் போக ஓர் இடம், பார்க்க ஒரு முகம், அழுது தீர்க்க ஒரு வரிசை. ராஜீவின் உடலை இரவோடு இரவாகப் பொது மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். சோனியாவும் பிரியங்காவும் தனி விமானத்தில் மீனம்பாக்கத்துக்கு வந்தார்கள், உடலோடு டெல்லிக்குத் திரும்பிவிட்டார்கள். ஊர் கண்விழித்துச் செய்தியை முழுதாகப் புரிந்துகொள்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. 24-ஆம் தேதி டெல்லியில் நடந்த தகனத்தைத் தொலைக்காட்சியில்தான் பார்த்தோம். பார்க்க முகம் இல்லாத ஊர், தெருமுனையில் நாற்காலி போட்டு, படம் வைத்து, மாலை போட்டுக்கொண்டது. அதைப் போய் விண்ணப்பம் என்கிறீர்கள்.

மேற்கு மாம்பலத்தான்:

ராஜாஜி மண்டபத்தைப் பற்றிச் சொன்னது நல்ல கருத்து. ஆனால் முகம் பார்க்கக் கிடைத்த 1987-இல் மட்டும் ஊர் அமைதியாகவா இருந்தது? மவுண்ட் ரோட்டில் கருணாநிதி சிலையை இடித்தது எம்ஜிஆர் இறந்தபோதுதான். எம்ஜிஆரை யாரும் கொல்லவில்லை, நோயில் இறந்தார். அதற்கே ஒரு சிலை போயிற்று. கொலை என்றால் என்ன ஆகும் என்று அந்தப் பெரியவர் கணக்குப் போட்டிருப்பார் அல்லவா?

ராயபுரத்துக்காரன்:

அவர் போட்ட கணக்குச் சரி. எங்கள் வீட்டில் அந்தக் கணக்குப் போடத் தெரியவில்லை.

என் அப்பா திமுக வட்டக் கிளையில் ஒரு சின்னப் பொறுப்பில் இருந்தார். பிழைப்புக்குத் தையல் கடை. கடைக்குள் அண்ணா படமும் கலைஞர் படமும் இருக்கும். கடை வாசலில் கொடிக்கம்பம். 22-ஆம் தேதி காலை கடையைத் திறக்கவில்லை, ஆனால் கம்பத்தில் கொடியை அப்படியே விட்டுவிட்டார். "நாம் என்ன தப்புச் செய்தோம்" என்றார். பதினொரு மணிக்கு வந்தார்கள். கம்பத்தைச் சாய்த்தார்கள், பலகையைப் பெயர்த்தார்கள், உள்ளே இருந்த துணியெல்லாம் தெருவில் எரிந்தது. எந்தக் கட்சிக்காரர்கள் என்று எழுதப்போவதில்லை. பெயர் தெரியாத கூட்டம் என்றுதான் பத்திரிகைகள் அன்று எழுதின. எங்களுக்குப் பெயர் தெரியும். வந்தவர்களில் இரண்டு பேருடைய பேன்ட் துணி அப்பாவிடம் தைக்கக் கிடந்தது. அதையும் சேர்த்துத்தான் எரித்தார்கள். காவல் துறை வந்தபோது எரிய எதுவும் மிச்சம் இல்லை.

மாநிலம் முழுவதும் திமுக கொடிக்கம்பங்களும் கட்சி அலுவலகங்களும் கட்சிக்காரர்களின் வீடுகளும் அன்று அடிபட்டன. இதைத் தன்னெழுச்சி என்று சொல்வோருக்கு ஒரே ஒரு கேள்வி. கொன்றது யார் என்று அன்று காலை பதினொரு மணிக்கு யாருக்குத் தெரியும்? படம் எடுக்க வந்த இளைஞர் குண்டில் இறந்துபோனார், அவருடைய கேமரா தப்பியது. அதில் இருந்த படங்களை வைத்துத்தான் மாலையோடு நின்று குண்டை வெடித்த பெண்ணையே அடையாளம் கண்டார்கள். புலனாய்வுக் குழு தேடிக்கொண்டிருந்தபோதே எங்கள் தெருவில் தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

பரங்கிமலை:

ராயபுரத்து நண்பரே, அது தவறு. காங்கிரஸ்காரனாகவும் சொல்கிறேன், தவறு. ஆனால் அந்தத் தீர்ப்பு வானத்திலிருந்து விழவில்லை. 1990 ஜூன் 19 அன்று கோடம்பாக்கம் சக்காரியா காலனியில் ஈபிஆர்எல்எஃப் என்ற ஈழ இயக்கத்தின் தலைவர் பத்மநாபாவையும் தோழர்களையும் சுட்டுக் கொன்ற புலிகள் ஊரைக் கடந்து தப்பிப் போனார்கள். அப்போது ஆட்சி யாருடையது? இலங்கைக்குப் போயிருந்த இந்திய அமைதிப்படை கப்பலில் வந்து இறங்கியபோது வரவேற்கப் போகாத முதலமைச்சர் யார்? சென்னைக்காரன் இதையெல்லாம் மறக்கவில்லை. பாண்டி பஜாரில் 1982-இலேயே புலிகளின் தலைவர் பிரபாகரனும் போட்டி இயக்கத்தின் உமா மகேஸ்வரனும் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டதைப் பார்த்த ஊர் இது.

ராயபுரத்துக்காரன்:

அதே கணக்கை முழுதாகச் சொல்லுங்கள். 1991 ஜனவரி 30 அன்று திமுக ஆட்சியைக் கலைத்தார்கள். புலிகளுக்கு இடம் கொடுத்ததாகக் குற்றச்சாட்டு. அறிக்கை தர ஆளுநர் பர்னாலாவே மறுத்தார், அப்படியும் கலைத்தார்கள். மே 21 அன்று தமிழ்நாட்டில் பாதுகாப்புக்குப் பொறுப்பு குடியரசுத் தலைவர் ஆட்சியுடையது. எங்கள் கடையை எரித்தவர்கள் அதை யோசித்தார்களா?

வேளச்சேரி வாசகி:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். அந்த இரண்டு பேர் பிறகு பேன்ட் கேட்டு வந்தார்களா?

ராயபுரத்துக்காரன்:

பேன்ட் கேட்டு வரவில்லை. தீபாவளிக்குப் புதுத் துணியோடு வந்தார்கள். அப்பா அளவெடுத்தார். அம்மா ஒரு வாரம் அப்பாவோடு பேசவில்லை.

எண்கணக்கு:

எல்லாரும் மனநிலையைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் எண்களைப் பற்றிப் பேசுகிறேன், ஏனென்றால் "அனுதாப அலை" என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

1991 ஜூன் 15 தேர்தலில் அதிமுக 164, காங்கிரஸ் 60. மக்களவைக்கு 39-க்கு 39. திமுகவுக்குச் சட்டமன்றத்தில் இரண்டே இடங்கள், துறைமுகமும் எழும்பூரும். துறைமுகத்தில் கருணாநிதியே 890 ஓட்டு வித்தியாசத்தில்தான் வென்றார். இதைப் பார்த்தால் ஊரே கண்ணீரில் மிதந்து ஓட்டுப் போட்டதாகத்தான் தோன்றும்.

இப்போது 1989 நவம்பருக்குப் போங்கள். மக்களவைத் தேர்தல். ராஜீவ் உயிரோடு இருக்கிறார், போஃபர்ஸ் பீரங்கி ஊழல் பேச்சு நாடெங்கும் நாறுகிறது, வடக்கில் காங்கிரஸ் மண்ணைக் கவ்வுகிறது. தமிழ்நாட்டில் திமுக ஆட்சிக்கு வந்து ஓராண்டுகூட ஆகவில்லை. முடிவு? அதிமுக, காங்கிரஸ் அணிக்கு 39-இல் 38. மிச்சம் ஒன்று நாகப்பட்டினம், இந்திய கம்யூனிஸ்ட் கட்சிக்கு. திமுகவுக்கு ஒன்றுகூட இல்லை.

38 இடத்தை 39 ஆக்கியதற்கு அலை என்று பெயரா?

திமுக 1989 ஜனவரியில் 150 இடம் பிடித்து ஆட்சிக்கு வந்ததே எதிரணி மூன்றாக உடைந்து நின்றதால்தான். திமுக ஏறத்தாழ 33 சதவீதம். அதிமுகவின் ஜெயலலிதா அணி 21, ஜானகி அணி 9, காங்கிரஸ் 20. கூட்டினால் 50. அந்த மூன்றும் ஒன்றாகிவிட்ட பிறகு 1991-இல் திமுக தோற்பதற்குக் கொலை தேவையே இல்லை. கொலை செய்தது வேறு. தோல்வியைத் துடைத்தெறிதல் ஆக்கியது. மரணம் இல்லாமல் இருந்திருந்தால் திமுக நாற்பது, ஐம்பது இடங்களோடு உட்கார்ந்திருக்கும் என்பது என் ஊகம்.

பரங்கிமலை:

அப்படியானால் என் அம்மா அழுதது கணக்கில் சேராது, அப்படித்தானே?

எண்கணக்கு:

அழுதார், ஓட்டும் போட்டிருப்பார். அழாமல் இருந்தாலும் அதே சின்னத்தில்தான் போட்டிருப்பார் என்கிறேன். சோகத்துக்கும் ஓட்டுக்கும் உள்ள உறவை 1967-இல் பாருங்கள். ஜனவரி 12 அன்று ராமாவரம் தோட்டத்தில் எம்.ஆர். ராதா எம்ஜிஆரைச் சுட்டார். கழுத்தில் கட்டோடு இருக்கும் படம் சுவரொட்டியாக ஊரெல்லாம் ஒட்டப்பட்டது. படுக்கையில் இருந்தபடியே உங்கள் பரங்கிமலைத் தொகுதியில் வென்றார். அங்கே ஒரு மனிதரைப் பார்த்து மக்கள் பதறினார்கள், அந்த மனிதருக்கே போட்டார்கள். 1991-இல் இறந்தவர் காங்கிரஸ்காரர், முதலமைச்சரானவர் ஜெயலலிதா. அலை என்றால் கரையில் யார் ஏறினார்கள் என்றும் பார்க்க வேண்டும்.

வளசரவாக்கம்:

இந்தத் தளத்தில் இதுவரை வாசித்திருக்கிறேனே தவிர எழுதியதில்லை. நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். 1991-இல் சென்னையில் வாடகை வீட்டில் குடும்பத்தோடு இருந்தோம். எனக்குப் பன்னிரண்டு வயது.

மாம்பலத்து ஐயா அச்சம் என்று எழுதியதைப் பார்த்துத்தான் எழுதத் தோன்றியது. உங்கள் தெருப் பெரியவருக்குப் படம் வைத்துத் தப்பிக்க வழி இருந்தது. எங்களுக்கு வாயைத் திறந்தாலே பிடிபட்டுவிடுவோம் என்ற நிலை. கடைக்குப் போனால் என்ன வேண்டும் என்று கேட்க மாட்டோம், கையால் காட்டுவோம். நாங்கள் கதைக்கிற விதத்தை வைத்தே ஆளைத் தெரிந்துவிடும் அல்லவா. பஸ்ஸில் அப்பா தன்னை மலையாளி என்று சொல்லிக்கொண்டார். மலையாளத்தில் ஒரு வார்த்தை அவருக்குத் தெரியாது.

வீட்டுக்காரர் நல்லவர். ஆனால் இலங்கைத் தமிழருக்கு வீடு கொடுத்திருப்பவர்கள் காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும் என்றதும் அவருக்கு உதறல் எடுத்துவிட்டது. ஜூன் மாதத்துக்குள் காலி செய்யச் சொன்னார். சொல்லும்போது அவரே அழுதார். ஒரு பள்ளியில் சேரப் போனபோது, எங்கே பிறந்தாய் என்று கேட்டுவிட்டு விண்ணப்பத் தாளைத் திரும்ப வாங்கி மேசைக்குள் வைத்தார்கள்.

அந்தக் கோடையில் ஒற்றைக்கண் சிவராசன் படம் ஊரெல்லாம் இருந்தது. மீசை வைத்து, மீசை இல்லாமல், கண்ணாடி போட்டு, சாமியார் வேடத்தில் என்று பலவிதம். இங்கே பார்த்தேன், அங்கே பார்த்தேன் என்று தகவல் கொடுக்காத ஆளே இல்லை. என் மாமாவுக்குச் சின்ன வயதில் ஒரு கண்ணில் அடிபட்டிருந்தது. அவர் ஆகஸ்ட் வரை வீட்டை விட்டு வெளியே வரவில்லை. பெங்களூரு கோணனகுண்டேயில் சிவராசன் இறந்துவிட்டான் என்று செய்தி வந்த அன்று மாமா சவரம் செய்துகொண்டு, வீதிக்குப் போய், வாழைப்பழம் வாங்கிக்கொண்டு வந்தார்.

ராஜீவ் காந்திக்காக எங்கள் வீட்டில் அழுதார்களா என்று ஒருவர் கேட்பார். அமைதிப்படை இருந்த காலத்தில் எங்கள் வீட்டில் நடந்ததை இங்கே எழுத மாட்டேன். அம்மா அழவில்லை. மகிழவும் இல்லை. "இனி எங்களை யார் நம்புவார்கள்" என்றுதான் சொன்னார். 1992 ஜனவரியில் அகதிகளைத் திருப்பி அனுப்பத் தொடங்கினார்கள். எங்களுக்குத் தெரிந்த இரண்டு குடும்பங்கள் போயின.

மட்டுறுத்துநர்:

வளசரவாக்கம் அம்மாவின் பதிவுக்கு வந்த மூன்று பதில்களை நீக்கியிருக்கிறேன். யார் எழுதினார்கள் என்பது எழுதியவர்களுக்குத் தெரியும். அடுத்த முறை பதிவோடு கணக்கும் போகும்.

சட்டம் படிப்பவள்:

நான் பிறந்தது 2001-இல். எனக்கு இந்தக் கதை தலைகீழாகத்தான் தெரியும். 2022 மே 18 அன்று, இந்தக் கொலை வழக்கில் தண்டனை பெற்ற பேரறிவாளன் விடுதலையானார். வேலூர் பக்கம் இனிப்புக் கொடுத்தார்கள், பறை அடித்தார்கள், முதலமைச்சர் ஸ்டாலின் கட்டியணைத்து வரவேற்றார். மறுநாள் காங்கிரஸ்காரர்கள் வாயில் வெள்ளைத் துணி கட்டி நின்றார்கள், அவ்வளவுதான். இரண்டு கட்சிகளும் கூட்டணியில் நீடித்தன. வாசலில் படம் வைத்து உயிர் தப்பிய ஊர் எப்படி இங்கே வந்து சேர்ந்தது? இடையில் என்ன நடந்தது?

மேற்கு மாம்பலத்தான்:

நல்ல கேள்வி. ஒரு தேதி சொல்கிறேன், 1998 ஜனவரி 28. பயங்கரவாத வழக்குகளுக்கான பூந்தமல்லி தடா நீதிமன்றம் இருபத்தாறு பேருக்கும் தூக்கு விதித்த நாள். ஒருவர் மிச்சமில்லை. அதுவரை இந்த வழக்கைப் பற்றி வெளிப்படையாகப் பேசவே தயங்கியவர்கள்கூட அன்று "எல்லாருக்குமா?" என்று கேட்டார்கள். எங்கள் அலுவலகத்தில் காங்கிரஸ் ஆதரவாளர் ஒருவரே உரக்கக் கேட்டார். 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் பத்தொன்பது பேரை விடுவித்தது, நால்வருக்குத் தூக்கு, மூவருக்கு ஆயுள். இருபத்தாறில் பத்தொன்பது! அந்தப் பத்தொன்பது பேரின் எட்டு ஆண்டுகளுக்கு யார் பதில் சொல்வது என்ற கேள்வி அங்கே முளைத்தது.

பிறகு பேரறிவாளனின் தாய் அற்புதம்மாள். பத்தொன்பது வயதில் பெரியார் திடலிலிருந்து விசாரணைக்கு அழைத்துப் போன மகனுக்காக முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஊர் ஊராக அலைந்த தாய். அரசியல்வாதி பேசினால் சேனலை மாற்றுகிறவர்களும் அந்த அம்மாள் பேசினால் கேட்டார்கள். 2011 ஆகஸ்டில், அந்த நால்வரில் பேரறிவாளன் உட்பட மூவரின் தூக்குக்குத் தேதி குறித்தபோது காஞ்சிபுரத்தில் செங்கொடி என்ற இளம்பெண் உயிரை மாய்த்துக்கொண்டார். இரண்டாம் நாள் சட்டமன்றம் தூக்கை ஆயுளாக்கக் கோரித் தீர்மானம் போட்டது. முன்மொழிந்தவர் யார்? 1991-இல் அந்த வெற்றியில் முதலமைச்சரான அதே ஜெயலலிதா. பாட்டரி வாங்கிக் கொடுத்ததாகச் சொன்ன வாக்குமூலத்தில், எதற்கென்று தெரியாது என்று பேரறிவாளன் சொன்னதைத் தான் பதிவு செய்யவில்லை என்று வாக்குமூலம் வாங்கிய அதிகாரி தியாகராஜனே பின்னாளில் ஒப்புக்கொண்டதும் சேர்ந்துகொண்டது.

ஆனால் நான் சொல்ல வருவது இதற்கும் அடியில் இருப்பது. 1991-இல் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டியிருந்தவர்கள் நிறையப் பேர். அந்த மௌனத்துக்கும் வட்டி ஏறும். 2022-இல் கேட்ட பறையில் அந்த வட்டியும் இருந்தது.

பரங்கிமலை:

வட்டி என்று அழகாக எழுதிவிட்டீர்கள். அசல் யாருடையது என்று சொல்லுங்கள் பார்ப்போம். அன்று ராஜீவோடு செத்த காவலர்களின் குடும்பங்களுக்கு யார் பறை அடித்தார்கள்? அனுசுயா என்ற உதவி ஆய்வாளர், குண்டோடு வந்த பெண்ணைத் தடுக்க முயன்று படுகாயமடைந்தவர், 2022-இல் தொலைக்காட்சியில் வந்து விடுதலையை எதிர்த்துப் பேசினார். அவரைக் கேட்டவர்கள் எத்தனை பேர்? இன்றைய பிள்ளைகளில் பத்துப் பேரைக் கேளுங்கள், பேரறிவாளனைத் தெரியும், நளினியைத் தெரியும். இறந்த ஒரு காவலர் பெயர் தெரியுமா?

சட்டம் படிப்பவள்:

எனக்குத் தெரியாது. ஆனால் ஐயா, அந்தப் பெயர்களை நினைவில் வைக்கும் வேலையை உங்கள் கட்சியும் செய்யவில்லையே. ஸ்ரீபெரும்புதூர் நினைவிடத்தில் ஒவ்வொரு மே 21-ஆம் தேதியும் தலைவர்கள் பூப்போடுவதைத்தான் பார்த்திருக்கிறேன்.

ராயபுரத்துக்காரன்:

தங்கை சொன்னது நெற்றியடி.

பரங்கிமலை ஐயாவுக்கு இன்னொன்று. அன்று மேடைக்கு அருகில் இருந்தவர் காங்கிரஸ் தலைவர் மூப்பனார். ராஜீவுக்கு நெருக்கமானவர், அந்த ரத்தத்தைக் கண்ணால் கண்டவர். ஐந்தே ஆண்டுகளில், 1996-இல், தமிழ் மாநில காங்கிரஸ் (தமாகா) தொடங்கி அவர் கூட்டணி வைத்தது யாரோடு? எங்கள் கட்சியோடு. 39 இடங்களும் அந்த அணிக்கு வந்தன. 1991-இல் எங்களைக் கொலைகாரர்கள் என்ற அதே வாக்காளர்கள்தான். 1997-இல் ராஜீவ் கொலையை விசாரித்த ஜெயின் கமிஷன் அறிக்கை கசிந்ததும் திமுகவை நீக்கு என்று சொல்லி டெல்லியில் காங்கிரஸ் குஜ்ரால் அரசைக் கவிழ்த்தது. 2004-இல் அதே காங்கிரஸ் எங்களோடு கூட்டணி. என் அப்பா இதையெல்லாம் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து செய்தித்தாளில் படித்தார். ஒருநாள் என்னிடம், "அப்போ என் கடையை ஏன்டா எரிச்சாங்க?" என்றார். என்ன பதில் சொல்ல முடியும்?

எண்கணக்கு:

1996-இல் மக்கள் மன்னித்தார்கள் என்று பொருள் கொள்ள வேண்டாம். ஜெயலலிதா நடத்திய வளர்ப்பு மகனின் ஆடம்பரத் திருமணத்தைப் பார்த்து வெறுத்துப் போனவர்கள் போட்ட ஓட்டு அது. ஐந்து ஆண்டுக்கு முந்தைய கோபத்தைவிட நேற்றைய கோபம் பெரிது, அவ்வளவுதான்.

வளசரவாக்கம்:

ஒரு செய்தி மட்டும் சேர்க்கிறேன். அதே வழக்கில் விடுதலையான சாந்தன் ஊர் திரும்ப முடியாமல் திருச்சி சிறப்பு முகாமில் இருந்தார். யாழ்ப்பாணத்தில் தாய் காத்திருந்தார். 2024 பிப்ரவரி 28 அன்று சென்னையில் இறந்தார். இறந்த இடம் ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை. பரங்கிமலை ஐயா சொன்ன, அன்று இரவு ராஜீவின் உடலைக் கொண்டுவந்த அதே மருத்துவமனை.

பரங்கிமலை:

அம்மா, அந்தத் தாய்க்காக வருத்தப்படுகிறேன். அதற்காக விடுதலையை ஒப்புக்கொண்டதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒப்புக்கொள்ளவில்லை, ஒப்புக்கொள்ளப் போவதும் இல்லை.

மேற்கு மாம்பலத்தாரே, நீங்கள் கேட்டதற்கு என் பதில் மாறவில்லை. எங்கள் வீட்டில் அழுதோம். உங்கள் தெருவில் பயந்தார்கள். ராயபுரத்தில் எரித்தார்கள். மூன்றும் ஒரே காலையில் நடந்தவை. அதில் ஒன்றை மட்டும் எடுத்து ஊருக்குப் பெயர் வைப்பதைத்தான் நான் ஏற்கவில்லை.

மேற்கு மாம்பலத்தான்:

நான் பெரும்பகுதி என்றுதான் எழுதினேன். இப்போதும் அதையே சொல்கிறேன். 1991 மே கடைசியில் வடசென்னையிலோ தென்சென்னையிலோ வாசலில் படம் வைத்தவர்கள், வைக்காமல் விட்டவர்கள், வைக்கச் சொல்லி அக்கம்பக்கத்தார் வற்புறுத்தியவர்கள் யாராவது இங்கே இருந்தால் எழுதுங்கள். கட்சித் தலைவர்களின் அறிக்கைகளை யாரும் ஒட்ட வேண்டாம், அவை நூலகத்தில் கிடைக்கும்.